மேட்ரிக்ஸ் ஸ்விட்ச்சரில் விர்ச்சுவல் மேப்பிங்: பெட்டியிலா, பேனலிலா, நெட்வொர்க்கிலா?

மண்டபத்துக்கோ கல்லூரி அரங்கத்துக்கோ மேட்ரிக்ஸ் ஸ்விட்ச்சர் (பல இடத்திலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் வேண்டிய திரைக்கு மாற்றிவிடும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எட்டுக்கு எட்டா, பதினாறுக்குப் பதினாறா?" என்றுதான். அடுத்தது, 4கே ஓடுமா என்பது. எந்த எண் எந்த சாக்கெட்டைக் குறிக்கும் என்ற மேப்பிங்கை எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை, விற்கிறவரும் வாயைத் திறப்பதில்லை. பொருத்திவிட்டுப் போன பிறகு என்றைக்காவது ஒரு சாக்கெட் செத்துப்போகும். அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி வந்து நிற்கும். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இந்த வேலை செய்கிறவன் நான். இதற்கு என்னென்ன வழிகள் உண்டு, எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மேட்ரிக்ஸின் இலக்கணம் சின்னது. ஓர் இன்புட்டை எத்தனை அவுட்புட்டுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஓர் அவுட்புட் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இன்புட்டைத்தான் எடுக்கும். பெட்டியின் பின்பக்கம் சாக்கெட்டுக்கு மேலே அச்சடித்திருப்பது நிஜ எண். அதற்கு மேல் நாம் இன்னோர் எண்ணைக் கட்டிக்கொண்டால் அதுதான் விர்ச்சுவல் எண். நம் ஊர்த் தெருக்களில் வீட்டுக் கதவில் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, கூப்பிடுகிற எண் மட்டும் மாறுகிறது.

இது எச்டிஎம்ஐ வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. அப்போது பெரிய அரங்குகளில் ஒரு படத்தைக் கொண்டுபோக ஐந்து பிஎன்சி கேபிள் ஓடும்: சிவப்பு, பச்சை, நீலம், கிடைமட்ட சிங்க், செங்குத்து சிங்க் (படத்தின் வரிகளைச் சரியான இடத்தில் நிறுத்தும் சிக்னல்கள்). ஐந்தும் ஒரே நொடியில் சேர்ந்து மாறினால்தான் திரையில் ஒழுங்கான படம். அதனால் ஐந்து நிஜ சாக்கெட்டுகளை ஒரே விர்ச்சுவல் இன்புட்டாகக் கட்டிவைத்தார்கள். ஏஎம்எக்ஸ் ஆட்டோபேட்ச் பெட்டிகளில் இதற்கு விர்ச்சுவல் மேட்ரிக்ஸ் என்றே பெயர். கட்டளையில் மட்டம் என்று ஓர் எண் வரும்: பொதுவாக 0 என்றால் படமும் ஒலியும் சேர்ந்து, 1 என்றால் படம் மட்டும், 2 என்றால் ஒலி மட்டும். எக்ஸ்ட்ரானில் இதே பிரிவினை கட்டளையின் கடைசிக் குறியில் இருக்கும். 1*4! என்று அனுப்பினால் முதல் இன்புட் முழுசாக நான்காவது அவுட்புட்டுக்குப் போகும். 1*4% என்றால் படம் மட்டும், 1*4$ என்றால் ஒலி மட்டும். எழுதும் விதம் வேறானாலும் இரண்டு கம்பெனியும் செய்வது ஒன்றுதான்.

பேச வசதியாக ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், கன்னியக்கோவில் பக்கம் எங்கோ இருக்கட்டும். கீழே பெரிய ஹால், மேடையில் எல்இடி வால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு திரை. பந்தி நடக்கும் இடத்தில் இரண்டு டிவி, வாசலில் வரவேற்பு டிவி ஒன்று, மாடியில் சின்ன ஏசி ஹாலில் ஒரு புரொஜெக்டர். அவுட்புட் ஏழு ஆயிற்று. உள்ளே வருபவை: வீடியோகாரரின் மிக்ஸர், மேடை லேப்டாப், கன்ட்ரோல் ரூம் லேப்டாப், செட்டாப் பாக்ஸ், மண்டபத்தின் சொந்தக் கேமரா, மாடி லேப்டாப். எட்டுக்கு எட்டு போதும் என்று தோன்றும். எனக்குப் போதாது, காரணம் பின்னால் வரும்.

முதல் வழி, மேப்பிங்கே வேண்டாம் என்பது. முதல் சாக்கெட்டில் செருகியது முதல் பட்டன், அவ்வளவுதான். குறைந்த விலைப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். சில பிரீசெட் (முன்பே சேமித்துவைத்த இணைப்புகள்), ஒரு ரிமோட், சாக்கெட்டுக்குப் பெயர் எழுத ஒரு வெப் பக்கம், அத்தோடு சரி. நாலுக்கு நாலு அளவுள்ள, ஒரே ஹால் கொண்ட இடத்துக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண் என்றே சொல்வேன். பள்ளிக்கூட அரங்கம், சின்ன சர்ச், ஓட்டல் கான்பரன்ஸ் ரூம் எல்லாம் இதில் அடங்கிவிடும்.

இதிலேயே கொஞ்சம் மேம்பட்ட ஒரு வகை உண்டு. பிளாக்மேஜிக் வீடியோஹப் போன்ற எஸ்டிஐ (ஸ்டுடியோக்களில் பயன்படும் வீடியோ இணைப்பு) ரவுட்டர்களில் எண்ணை மாற்ற முடியாது, ஆனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பெயர் வைக்கலாம், முக்கியமான அவுட்புட்டை யாரும் தொடாதபடி பூட்டலாம், தனிக் கன்ட்ரோல் பேனலில் எந்தப் பட்டன் எந்த சாக்கெட் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பட்டன் மட்டத்தில் நடக்கும் மேப்பிங் இது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வெளியிலிருந்து மென்பொருள் மூலம் இதைக் கட்டுப்படுத்தும்போது (நெட்வொர்க்கில் 9990 என்ற போர்ட்டில் சாதாரண எழுத்தாகவே பேசும்) எண்ணிக்கை 0-இல் தொடங்கும். பெட்டியில் 1 என்று அச்சடித்திருப்பது அங்கே 0. புதிதாக நிரல் எழுதுகிற பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது பக்கத்துத் திரையில் படத்தைப் போட்டுவிட்டு விழிப்பார்கள்.

பெட்டிக்குள்ளேயே கட்டினால்

இரண்டாவது வழியில் மேப் மேட்ரிக்ஸின் நினைவகத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து யார் கட்டளை அனுப்பினாலும், டச் பேனலோ சீரியல் கேபிளோ லேப்டாப்போ, விர்ச்சுவல் எண்ணை மட்டும் சொன்னால் போதும். எந்த நிஜ சாக்கெட் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

நம் வட்டாரத்தில் இதற்கு இருக்கும் மதிப்பைச் சென்னைக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். இங்கே எச்டிஎம்ஐ சாக்கெட் சாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கடல் காற்று. சில்வர் பீச் பக்கமோ புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டியோ ரேக் வைத்த இடங்களில் சாக்கெட்டின் உள் தகடுகள் சீக்கிரம் மங்கிவிடுகின்றன. இன்னொன்று, எர்த். வீடியோகாரர் தன் ஆட்களோடு வந்து, தன் மிக்ஸருக்கு வாசலில் நிற்கும் ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் இழுப்பார். நம் ரேக் மண்டபத்தின் மெயின் லைனில் இருக்கும். இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள மின்னழுத்த வித்தியாசம் அவர் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளின் உறை வழியாகவே பாய்ந்துவிடும். எல்லோரும் வந்து செருகும் அந்த ஒரு சாக்கெட்தான் எப்போதும் முதலில் போகும்.

சரி, இன்புட் 2 போய்விட்டது. நேரடி எண்ணில் ஓடும் இடமாக இருந்தால் கேபிளை 7-இல் செருகிய பிறகு ரிமோட் பட்டன், பேனல் பட்டன், எல்லா பிரீசெட், சுவரில் ஒட்டிய தாள், ஆபரேட்டரின் கைப்பழக்கம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். காலை 6 மணி முகூர்த்தத்துக்கு 4 மணிக்கு வந்து நிற்கும்போது இதையெல்லாம் செய்ய முடியாது. மேப் பெட்டிக்குள் இருந்தால் ஒரே வரி வேலை: விர்ச்சுவல் 2 இனி நிஜ 7. பட்டனும் பிரீசெட்டும் அப்படியே இருக்கும், ஆபரேட்டருக்கு எதுவும் தெரியவே வேண்டாம். எட்டுக்கு எட்டு போதாது என்று நான் சொன்னது இதனால்தான். மாற்றிக் கட்ட காலி சாக்கெட் இல்லாவிட்டால் மேப்பிங் இருந்தும் பயனில்லை. நம் மண்டபத்தில் ஆறு இன்புட் போக இரண்டு மிச்சம் இருக்கிறது, ஆனால் ஏழு அவுட்புட் போக மிச்சம் ஒன்றுதான். அடுத்த வருஷம் உரிமையாளர் பார்க்கிங்கில் ஒரு திரை வைக்க ஆசைப்பட்டால் அதுவும் போய்விடும்.

ஒலியைப் பிரித்து அனுப்புவதும் இங்கே எளிது. பந்தி டிவியில் மேடை தெரிய வேண்டும், ஆனால் மேடைச் சத்தம் அங்கே வேண்டாம், மெதுவாகப் பாட்டு ஓடினால் போதும் என்பார்கள். அந்த டிவி விர்ச்சுவல் அவுட்புட் 5 என்றால், படத்தின் மட்டத்தில் 5-க்கு மேடை, ஒலியின் மட்டத்தில் அதே 5-க்குப் பாட்டு ஓடும் கன்ட்ரோல் ரூம் லேப்டாப். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எல்லா இடத்திலும் கேட்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு பிரீசெட். இதை வாங்கும்போதே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எச்டிஎம்ஐ மேட்ரிக்ஸ் பலவற்றில் ஒலி படத்தோடு ஒட்டிக்கொண்டேதான் போகும். தனி ஆடியோ மட்டம் இருக்கும் பெட்டியில்தான் பிரிக்க முடியும்.

அப்புறம் மாடி ஹால். ஒரே நாளில் கீழே ஒரு கல்யாணம், மேலே வேறொரு குடும்பத்தின் நிச்சயதார்த்தம் நடக்கும். ஒரே பெட்டியை இரண்டு விர்ச்சுவல் மேட்ரிக்ஸாகப் பிரித்துவிட்டால் மேலே இருப்பவர் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கீழ்த் திரைக்குப் படம் போகாது. சம்பந்தி வீட்டார் நிறைந்த ஹாலில் அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் முகம் எல்இடி வாலில் பெரிதாக வந்து நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவினை எல்லாப் பெட்டியிலும் கிடைக்காது. சிலவற்றில் ரூம் என்ற பெயரில் பிரீசெட்டை மட்டும் பிரித்து வைப்பார்கள். அது அரை வேலிதான், நேரடிக் கட்டளை அனுப்பினால் தாண்டிவிடலாம்.

குறைகளும் உண்டு. பெட்டியின் முகப்பில் இருக்கும் பட்டன்கள் நிஜ எண்ணைக் காட்டுமா, விர்ச்சுவல் எண்ணையா என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. மேப் போட்டவர் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் வந்து, மூன்றாவது விளக்கு எரிகிறது, மூன்றாவது சாக்கெட்டில் கேபிளே இல்லையே என்று குழம்பி நிற்பார். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய தாளை லேமினேட் செய்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டாமல் விர்ச்சுவல் மேப்பிங் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வெறும் தாள் வேண்டாம், இந்த ஈரக்காற்றுக்கு எழுத்து நிற்காது. பழைய ஆட்டோபேட்ச் வகைகளில் கணினியில் ஒரு கட்டமைப்புக் கோப்பு தயாரித்துப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு தொலைந்தால் யாரோ முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். பேக்டரி ரீசெட் கொடுத்தால் மேப்பும் சேர்ந்து போய்விடக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

பெட்டி ஒன்று போதாதபோது

விர்ச்சுவல் மேப்பிங் இருந்தால் இரண்டு சின்னப் பெட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய பெட்டி ஆக்கிவிடலாம் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. 16 இன்புட்டை 32 அவுட்புட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் ஒவ்வோர் இன்புட்டையும் ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாக்கி, இரண்டு பதினாறுக்குப் பதினாறு பெட்டிக்கும் கொடுத்து, இரண்டையும் ஒரே எண் வரிசையில் கட்டலாம். அது வேலை செய்யும். இன்புட்டும் 32 ஆக வேண்டும், எதுவும் எதற்கும் தடையில்லாமல் போக வேண்டும் என்றால் நான்கு பெட்டி தேவை, அவுட்புட் பக்கத்தில் தேர்ந்தெடுக்க இன்னும் ஒரு கூட்டம் ஸ்விட்ச்சும் தேவை. இரண்டே பெட்டியை வைத்து, நடுவே நாலைந்து கேபிள் போட்டுச் சமாளித்தால், ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு ஒரே நேரத்தில் அந்த நாலைந்து படம்தான் போகும். மேப்பில் 32 என்று எழுதியிருப்பதால் கேபிள் முளைத்துவிடாது. எச்டிஎம்ஐயில் ஸ்ப்ளிட்டர் கூடக் கூடத் தலைவலியும் கூடும். இந்த அளவுக்கு வளர்கிற இடம் பெரிய பெட்டியாக ஒன்று வாங்க வேண்டும், அல்லது நெட்வொர்க் வழிக்குப் போக வேண்டும்.

டச் பேனலில் கட்டினால்

மூன்றாவது வழியில் மேட்ரிக்ஸுக்கு எதுவும் தெரியாது. மேப் முழுவதும், டச் பேனலுக்குப் பின்னால் இருந்து கட்டளை அனுப்பும் கன்ட்ரோல் புராசஸரின் நிரலில் இருக்கும். பேனலில் "முகூர்த்தம்" என்ற பட்டனை அழுத்தினால் நிரல் பத்துக் கட்டளைகளை வரிசையாக அனுப்பும். பெரும்பாலும் சீரியல் கேபிள்தான், 9600 பாட் வேகம். கூடவே விளக்கு, திரை, மைக், ஏசி எல்லாவற்றையும் ஒரே பட்டனில் சேர்க்க முடியும் என்பது இதன் பெரிய பலம். வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் கலந்து கிடக்கும் இடங்களில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண் வரிசை தருவதும் இங்கே மட்டும்தான் சாத்தியம். லாஸ்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகள் மாதிரி, வகுப்பறை, செமினார் ஹால், பெரிய அரங்கம் என்று பல அறைகளை ஒருவரே மேய்க்கும் இடத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். அங்கே பகலில் ஒரு ஆள் எப்போதும் இருப்பார், எதுவும் விடியற்காலையில் நடக்காது.

மண்டபத்துக்கு இதை எதிர்க்கிறேன். நிரலை எழுதியவர் சென்னையில் இருப்பார். மூலக் கோப்பு அவரிடம் இருக்கும். பேனலில் ஓடுவது இயந்திர மொழிக்கு மாற்றிய பதிப்பு, அதைத் திறந்து ஓர் எண்ணை மாற்ற முடியாது. ஒரு சாக்கெட் போனால் அவர் ஈசிஆரில் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், அதுவும் அவர் போனை எடுத்தால். சிலர் செலவைக் குறைக்க ராஸ்பெர்ரி பை ஒன்றை வைத்துத் தாங்களே எழுதுகிறார்கள். புத்திசாலித்தனமான வேலைதான், ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் அதன் மெமரி கார்டு கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. யுபிஎஸ் இல்லாமல் வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியிலும் ஒரு மேப், பேனலிலும் ஒரு மேப் என்று இரண்டு அடுக்கு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேனலில் 3, விர்ச்சுவலில் 5, நிஜத்தில் 2. கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிப்பதற்குள் ரிசப்ஷன் முடிந்துவிடும். எண் மாற்றம் ஓர் இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். பேனல் இருந்தாலும் மேப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, பேனல் விர்ச்சுவல் எண்ணை மட்டும் பேசட்டும். ஒரே கம்பெனிப் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால் கல்லூரிக்கும் இதுவே நல்லது.

நெட்வொர்க்கில் போனால்

நான்காவதில் மேட்ரிக்ஸ் பெட்டியே கிடையாது. ஒவ்வொரு மூலத்திலும் படத்தை நெட்வொர்க்குக்கு ஏற்றும் ஓர் என்கோடர், ஒவ்வொரு திரையிலும் அதை மறுபடி படமாக்கும் ஒரு டிகோடர், நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச். எந்த டிகோடர் எந்த மல்டிகாஸ்ட் குழுவில் (ஓர் என்கோடரின் படத்தைப் பலரும் சேர்ந்து எடுக்கும் குழு) சேருகிறது என்பதுதான் மேப். எல்லாமே விர்ச்சுவல், எண்ணுக்கு எல்லையும் இல்லை. ஓர் என்கோடர் எரிந்தால் புதிதை வைத்துப் பழையதன் பெயரைக் கொடுத்துவிடலாம். பார்க்கிங் திரைக்கு ஒரு டிகோடர் வாங்கினால் முடிந்தது, பெட்டி மாற்ற வேண்டாம். கம்பன் கலையரங்கம் போல நிகழ்ச்சி நடத்துபவர் மாறிக்கொண்டே இருக்கும் பொது அரங்குகளுக்கும், பல கட்டடங்கள் உள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொருத்தமான வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நெட்வொர்க் தெரிந்த ஆள் வேண்டும். எஸ்டிவிஓஇ என்ற நெட்வொர்க் வீடியோ வகைக்கு 10 ஜிகாபிட் ஸ்விட்ச் தேவை. ஒரு ஜிகாபிட்டில் ஓடும் வகைகளில் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள். சிலவற்றில் தாமதம் கண்ணுக்குத் தெரியும். மேடையில் நிற்பவரின் வாயும் பக்கத்துத் திரையில் தெரியும் வாயும் ஒத்துப்போகாது. ஸ்விட்ச்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் படத்தை அனுப்பும் அமைப்பு) சரியாக அமைக்காவிட்டால் மல்டிகாஸ்ட் எல்லா போர்ட்டிலும் வெள்ளமாய்ப் பாய்ந்து, மண்டபத்தின் பில்லிங் கணினி வரை நின்றுபோகும். கேமராவுக்கும் வைஃபைக்கும் போட்ட அதே ஸ்விட்ச்சில் இதையும் செருகிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த வழியிலும் தீராதவை

மேப்பிங் எண்ணை மட்டுமே மாற்றும். ஈடிஐடி, அதாவது எந்த அளவுப் படம் அனுப்பலாம் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் தகவல், நிஜ சாக்கெட்டோடு ஒட்டியது. விர்ச்சுவல் 2-ஐ நிஜ 7-க்கு மாற்றினால், 2-இல் வைத்திருந்த ஈடிஐடியை 7-இலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப் 4கேயில் படம் தள்ளும், எல்இடி வாலின் புராசஸர் 1080பிக்கு மேல் வாங்காது, திரை கறுத்து நிற்கும். எல்லோரும் மேப்பைத் திட்டுவார்கள். ஒரே இன்புட் பல திரைக்குப் போகும் இடத்தில் எல்லா இன்புட்டுக்கும் 1080பி ஈடிஐடியைக் கட்டாயமாக வைத்துவிடுவதே என் வழக்கம். கல்யாண ஹாலில் 4கே கேட்டு அழுதவர் யாரும் இல்லை.

செட்டாப் பாக்ஸ் படம் எல்இடி வாலில் வராவிட்டால் முதலில் எச்டிசிபியை, அதாவது நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் பாருங்கள். நடுவில் ஏதோ ஒரு கருவி அதை ஏற்கவில்லை என்றால் எந்த எண்ணுக்கு மாற்றினாலும் வராது. மாடிக்கும் வாசலுக்கும் போகும் நீள ஓட்டங்களை எச்டிஎம்ஐ கேபிளில் இழுக்காமல் எச்டிபேஸ்டியில் (நெட்வொர்க் கேபிள் வழியாகப் படம் அனுப்பும் முறை) போடுவது நல்லது. நல்ல கேட்6ஏ கேபிளில் 100 மீட்டர் வரை போகும்.

கரண்ட் போய் வந்தால் பெட்டி எந்த நிலைக்குத் திரும்பும் என்பதும் முக்கியம். சில பெட்டிகள் கடைசியாக இருந்த இணைப்புகளுக்கே திரும்பும், சில நேர் இணைப்புக்குப் போய்விடும், அதாவது 1-க்கு 1, 2-க்கு 2. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இங்கே கரை கடந்த பிறகு பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அவ்வளவு நாள் அணைந்து கிடந்து எழுந்தாலும் மேப் இருக்க வேண்டும். இப்போது வரும் பெட்டிகள் பிளாஷ் நினைவகத்தில் வைப்பதால் பெரும்பாலும் இருக்கும். உள்ளே பேட்டரி வைத்த பழைய பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் பேட்டரியை மாற்றிவிட்டே ரேக்கில் ஏற்றுங்கள்.

ஆக, கன்னியக்கோவில் மண்டபத்துக்கு என் சீட்டு இப்படி இருக்கும்: பதினாறுக்குப் பதினாறு, தனி ஆடியோ மட்டம், மேப் பெட்டிக்குள், கீழ் ஹாலும் மாடியும் இரண்டு விர்ச்சுவல் மேட்ரிக்ஸ். சுவரில் ஐந்தாறு பட்டன் உள்ள சாதாரண பேனல் ஒன்று, டச் ஸ்கிரீன் வேண்டாம். வீடியோகாரர் செருகும் வரிக்கு மட்டும் ஓர் ஆப்டிகல் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர். இரண்டு முனைக்கும் நடுவே கண்ணாடி இழை மட்டும் இருந்தால் எர்த் வித்தியாசம் தாண்டி வராது. உள்ளே செம்பு ஓடும் ஹைப்ரிட் கேபிளைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் பொருத்தியவரை எதிரில் வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இன்புட் ஒன்றின் கேபிளைப் பிடுங்கிக் காலி சாக்கெட்டில் செருகி, மேப்பையும் ஈடிஐடியையும் மாற்றி, அதே பழைய பட்டனில் படம் வருகிறதா என்று காட்ட வேண்டும். மெயினைக் கால் மணி நேரம் அணைத்துவிட்டுப் போட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். பிறகு மேப் கோப்பு இருக்கும் பென் டிரைவையும் பெட்டியின் பாஸ்வேர்டையும் உங்கள் மேனேஜர் கையில் கொடுக்க வேண்டும், மாற்றும் வேலையை அவரே ஒருமுறை செய்து பார்க்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.